தசம் ஒன்று

யாழ்ப்பாணத்துக் கடைகளில் வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்கப் புகுவோர் "ஐந்து தசம் ஒன்று" என்னும் சொல்லைக் கேளாமல் திரும்புவதில்லை. முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, ஆக ஐந்து பெட்டிகள், மூலையில் இருக்கும் கனத்த சப்வூஃபர்தான் அந்தத் "தசம் ஒன்று" என்று விற்பவர் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். அன்பர்களே, அது பொருந்தாது.

"தசம் ஒன்று" பெட்டியின் பெயரன்று. படத்தின் ஒலிப்பதிவிலே இடி, வெடி முதலிய முழக்கங்களுக்கென ஒதுக்கப்பட்ட தனிவழியின் பெயர். மற்ற ஐந்து வழிகளும் செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுவரை ஏந்திச் செல்லும். இதுவோ 120க்கு மேற் செல்லாது. முழுவழியாக எண்ணத் தகாத இதற்கு அப்பெயரை 1987இல் முன்மொழிந்தவர் டொம்லின்சன் ஹோல்மன் என்னும் அமெரிக்க ஒலி வல்லுநர். கணக்குப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சொல்வதற்கு எளிதாயிருக்கட்டும் என்று விட்டார் போலும்.

சப்வூஃபரோ தாழ்ந்த ஒலியை எழுப்பும் கருவி. பாதை வேறு, வண்டி வேறு.

இந்த வேறுபாடு நமக்கு எதற்கு? தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் வாசிப்பின் பழைய ஒலிப்பதிவுகளில் இந்தத் தனிவழி அறவே இல்லை. ஆயினும், தொப்பியில் கழி விழும்போது எழும் அடிநாதத்தைச் சப்வூஃபரில் கேட்கலாம். சிறு பெட்டிகள் தாங்காத ஒலியை, பெரும்பாலும் 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டதை, பெருக்கிக் கருவியே பிரித்து அங்கே அனுப்பிவிடுகிறது.

ஆனால் ஒன்று. கருவியின் அமைப்பில் ஒலிபெருக்கிகள் "பெரியவை" என்று குறிக்கப்பட்டிருந்தால், பல கருவிகள் இவ்வாறு பிரித்து அனுப்புவதில்லை. படத்தின் தனிவழி மட்டுமே சப்வூஃபரை அடையும். தவிலுக்கு அது ஊமையாகிவிடும். வீட்டுக்காரர் பெட்டி பழுதென்றெண்ணிக் குமிழைத் திருகி ஏற்றுவார். அன்றிரவு படம் போட்டால் யன்னற் கண்ணாடி நடுங்கும். அந்த வழி மற்றவற்றைவிட 10 டெசிபெல் உரத்து ஒலிக்குமாறு முன்னரே வகுக்கப்பட்டது அல்லவா?

ஆகவே சிறு பெட்டிகளைச் "சிறியவை" என்றே குறித்துவிடுங்கள். பின்னர் ஒரு தவிற் பதிவை ஒலிக்கவிட்டுக் குமிழை மெல்லத் திருகுங்கள். தொப்பியின் நாதம் மூலையிலிருந்து வருவதாகத் தோன்றினால் சற்றே குறையுங்கள். வலந்தலை ஒலிக்கும் இடத்திலேயே அதுவும் ஒலிக்கும்போது கையை எடுத்துவிடலாம்.