கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை வேண்டும்



போன மாதம் ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். ஜவுளிக்கடைக்காரர். "ஹஜ்ரத், மகன் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கணும் என்கிறான். அதைப் படித்தால் யார் வேலை தருவார்கள்? நீங்கள்தான் புத்தி சொல்லணும்" என்றார். சொன்னேன். ஆனால் மகனுக்கு அல்ல, அவருக்கு!

2005-இல் நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 2006 நவம்பரில் அறிக்கை வந்தது. அன்று முதல் சச்சார் பெயரைச் சொல்லாத மேடை நம்மிடம் உண்டா? 2001 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம் என்று நானும் தொண்டை கிழிய முழங்கியிருக்கிறேன். அக்குழுவின் உறுப்பினர் செயலாளர் அபூசாலிஹ் ஷரீஃப் யார்? பொருளாதார நிபுணர்! நாம் முழங்கிய எண்கள், இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டவை. "அப்படி ஒருவர் நம் ஊரில் உண்டா, பாய்?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை.

வேலைக்கு வருவோம். இந்தியப் பொருளாதாரப் பணி 1961-இல் உருவானது. ஐ.ஏ.எஸ். தேர்வு நடத்தும் யு.பி.எஸ்.சி.தான் இதற்கும் தேர்வு நடத்துகிறது. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ரிசர்வ் வங்கியும் தன் ஆராய்ச்சித் துறைக்கென்று தனியாக அதிகாரிகளை எடுக்கிறது.

தனியாரிடம் இருப்பது சந்தை ஆய்வு. சோப்பு விற்கும் கம்பெனி, புதுச் சரக்கை இறக்குமுன் வீடு வீடாக ஆள் அனுப்பி, எதை வாங்குகிறீர்கள், எதை ஏன் விட்டீர்கள், என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. நாமோ துஆ ஓதிக் கடையைத் திறந்துவிட்டு, பக்கத்துத் தெருவில் அதே சரக்கோடு நான்கு கடை இருப்பதை ஆறு மாதம் கழித்து எண்ணுகிறோம்!

கேள்வித்தாளோடு வெயிலில் அலைவது இத்தொழிலின் முதல் படி, கூலி சொற்பம். புள்ளியியலும் கம்ப்யூட்டரும் தெரிந்தவன்தான் மேலே போகிறான். கணக்குக்குப் பயந்து பொருளாதாரத்தில் சேரும் தம்பிகளே, அங்கேயும் கணக்குதான் காத்திருக்கிறது! வெறும் பி.ஏ. போதாது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் முதுகலை படிக்கப் பாருங்கள்.

ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் தகப்பன்மார்கள் கூட்டம் கலைந்ததும் கொஞ்சம் நில்லுங்கள், பேசணும்.