கணக்காளர் கல்வியும் பாட வரிசையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பு நாடி வந்து பேகம்பேட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இல்லம் அமைத்துக்கொண்ட நம் குடும்பங்களில், பட்டயக் கணக்காளர் கல்வியை விரும்பும் இளைஞர் பலர் உளர். இத்துறையில் தமிழர்க்குப் பழந்தொடர்பு உண்டு. விடுதலைப் போரில் சிறை சென்ற சென்னை இரா. சிவபோகம் அம்மையார், 1933ஆம் ஆண்டில் கணக்கியல் பட்டயத் தேர்வில் வெற்றி பெற்று, இந்தியாவின் முதற்பெண் கணக்காளர் ஆனார். 1949ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற பட்டயக் கணக்காளர் கழகமே இன்று இக்கல்வியை நடத்தி வருகின்றது.

2023ஆம் ஆண்டு ஜூலையில் கழகம் புதிய பாடத்திட்டத்தைக் கொணர்ந்தது. இடைநிலைத் தேர்வின் இரு பிரிவுகளிலும் தேறிய மாணவர், ஈராண்டுகள் தணிக்கையாளரிடம் பயிற்சி பெறுதல் வேண்டும். அத்துடன், வீட்டிலிருந்தே இணையவழிப் பயிலும் பாடத் தொகுதிகள் நான்கு உள. இவற்றைப் பயிலும் வேகத்தை மாணவரே வகுத்துக்கொள்ளலாம். அவ்வுரிமையிலேயே இடரும் அடங்கியுள்ளது. நான்கிலும் தேறாதவர் இறுதித் தேர்வு எழுத இயலாது. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று நான்கையும் ஒதுக்கி வைப்போர்க்கு, இறுதித் தேர்வின் ஆறு தாள்களும் இவையும் ஒருங்கே வந்து சுமையாகும். 2025 முதல் இறுதித் தேர்வு ஆண்டுக்கு மும்முறை நடைபெறுகின்றது. ஒரு தவணையை இழந்தால் நான்கு திங்கள் கழியும்.

ஆதலின் வரிசையை முன்னரே வகுத்தல் நலம். முதல் தொகுதி நிறுவனச் சட்டங்களையும் பொருளாதாரச் சட்டங்களையும் பற்றியது. இரண்டாவது, செலவுக் கணக்கியலின் உயர்நிலை. இரண்டிற்கும் அடிப்படை இடைநிலைப் பாடங்களிலேயே உள்ளது. அப்பாடங்கள் நினைவில் பசுமையாக இருக்கும்போதே, பயிற்சியின் முதலாண்டில் இவ்விரண்டையும் முடித்துவிடல் எளிது.

மூன்றாம் தொகுதியில் இடர் மேலாண்மை, மதிப்பீட்டியல், பன்னாட்டு வரிவிதிப்பு போன்ற பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். ஓராண்டு அலுவலகப் பணியைக் கண்ட பின்னரே தம் நாட்டம் எதிலென்று மாணவர்க்குத் தெளிவாகும். அவ்வேளையில் எடுப்பின், அது இறுதித் தேர்வின் உயர்நிலை நிதி மேலாண்மைக்கோ நேர்முக வரிப் பாடத்திற்கோ துணைசெய்யும். நான்காம் தொகுதியில் அரசியலமைப்பு, தொழில்முனைவு முதலிய விருப்பப் பாடங்கள் அமைந்துள்ளன. இது மற்றவற்றைச் சார்ந்திராமையால், ஓய்வு கிட்டும் எத்திங்களிலும் இதனை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வங்கித் தணிக்கை நிகழும் ஏப்ரலிலும், வரித் தணிக்கை குவியும் செப்டம்பரிலும் எத்தொகுதியையும் வையாதீர்கள். அத்திங்களில் பிள்ளைகள் இரவு நெடுநேரம் கழித்தே இல்லம் திரும்புவர்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுப் பிள்ளை மூன்று தொகுதி முடித்தான் என்று நம் பிள்ளையை விரைவுபடுத்தல் வேண்டா. இருவர்க்கும் அலுவலகம் வேறு, பணிச்சுமை வேறு. மகளுக்கு மணம் பேசுகையில், அவளுடைய ஈராண்டு அட்டவணையையும் சம்பந்தி வீட்டாருடன் வெளிப்படையாகப் பேசுங்கள். “திருமணத்திற்குப் பின் படிக்கட்டும்” என்னும் பொதுவான சொல் போதாது. எத்திங்களில் எத்தொகுதி, எத்தவணையில் இறுதித் தேர்வு என்று முன்னரே முடிவாகியிருப்பின், புகுந்த வீட்டிலும் அவள் படிப்பு நின்றுபோகாது. சிவபோகம் அம்மையார் பிறந்த இனத்தில், ஏறக்குறைய முடிந்த படிப்பொன்று அட்டவணை இன்மையால் அறுபடலாகாது.

நம் சங்கத்தில் இத்தேர்வுகளை முடித்த அன்பர்கள், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இளைஞர்களுடன் அமர்ந்து இவ்வட்டவணையை வகுக்க உதவுவார்களாயின், அது இவ்வாண்டின் சிறந்த சங்கப் பணியாக அமையும்.