கடையை நடத்துவது யார்?



சிறு வியாபாரிகளின் இடர்கள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, புத்தகங்களைப் புரட்டுமுன் ஒருநாள் மாலை வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து பார்த்தோம். எமக்குப் பழக்கமான பலசரக்குக் கடைக்காரர் ஒருவரிடம், "கடை எப்படி?" என்று கேட்டோம். "சாப்பிடவே நேரமில்லை, அண்ணை" என்றார். "போன மாதம் என்ன மிஞ்சினது?" என்றோம். சிறிது நேரம் மேலே பார்த்தார், பிறகு சிரித்தார். "அது தெரிஞ்சால் நான் ஏன் நித்திரை வராமல் கிடக்கிறன்?" என்றார்.

கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும், ஆமர் வீதியில் இரும்புச் சாமான் விற்பவரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே விடைதான் வரும். இவர்கள் சோம்பேறிகள் அல்லர். விடியுமுன் பேலியகொடைச் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றி வந்து, இரவு ஒன்பதரை மணிக்குக் கதவு பூட்டுகிறவர்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும், எந்தக் காசோலை எந்தத் தேதியில் வங்கிக்குப் போகும் என்பதெல்லாம் அவர்களுடைய தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. ஒரு மனிதனுடைய தலை எவ்வளவு சுமக்கும்?

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள செட்டியார் தெருவிலே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளைப் பற்றி இங்குள்ள முதியோர் தந்தையர் வாயிலாகவாவது கேட்டிருப்பீர்கள். வட்டித் தொழிலைப் புகழ நாம் வரவில்லை. அதனால் காணி இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இச்சபையில் இருக்கலாம். ஆயினும் அவர்களுடைய ஒழுங்கு கவனிக்கத் தக்கது. ஊரிலிருந்து வரும் மேலாள் மூன்றாண்டுத் தவணைக்கே வருவார். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து, ஐந்தொகை போட்டு, பின்வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலாள் ஊருக்குப் போய்விடுவார். கடை நிற்காது. ஏனெனில் அது அவருடைய தலைக்குள் இருக்கவில்லை; பேரேட்டில் இருந்தது.

அக்காலத்து ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர்ச் சிறு வியாபாரிக்கு நேராகக் கடன் கொடுப்பது அரிது. செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் வியாபாரிக்குக் கொடுப்பார். 1925 ஆம் ஆண்டளவில் செட்டியார் நிறுவனங்களில் முறிவு ஏற்பட்டு வங்கிகள் கையை இறுக்கியபோது, எந்தத் தவறும் செய்யாத கடைக்காரர்களும் சேர்ந்து திணறினர். வங்கி விசாரணை ஆணைக்குழு 1934 இல் அறிக்கை தந்தது. 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. மேலே நடப்பவை நம்மைக் கேட்டு நடப்பதில்லை என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

2022 ஆம் ஆண்டிலும் அப்படியே நடந்தது. மார்ச் மாத முடிவில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஏப்ரல் 8 ஆம் தேதி மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 புள்ளிகள் உயர்த்தியது. 12 ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அரசாங்கம் அறிவித்தது. இரண்டு நாள் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு. கைவிசேடம் கொடுத்துப் புதுக்கணக்குத் தொடங்க வேண்டிய நாளில் நமது வியாபாரிகள் பழைய கணக்கையே பார்க்க அஞ்சினார்கள். ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. விற்ற பணத்தைக் கொண்டுபோனால், விற்ற அளவு சாமானை மீண்டும் வாங்க முடியவில்லை.

மேற்சொன்ன பலசரக்குக் கடைக்காரர் அப்பொழுது பிடித்த கடனிலிருந்து இன்னும் முழுமையாக வெளிவரவில்லை. பின்தேதியிட்ட காசோலைகள், சீட்டைக் கழித்து எடுத்த காசு, அடகு வைத்த மனைவியின் காப்பு, இவ்வளவும் இருந்தன. தமது மருமகனோடு மூன்று மாலைகள் இருந்து எல்லாவற்றையும் ஒரு கோட்டுக் கொப்பியில் எழுதும்படி சொன்னோம். யாருக்கு, எவ்வளவு, எப்போது, பிந்தினால் என்ன நேரும் என்ற நான்கு நிரல்கள், அவ்வளவே.

எழுதி முடித்ததும் அவரே திகைத்தார். நாள்தோறும் தொலைபேசியில் சத்தமிட்டு அவரைக் கலங்கடித்த அரிசி மொத்த வியாபாரியின் கடன், நிரலிலே நான்காம் இடத்தில் இருந்தது. முதலிடத்தில் இருந்ததோ ஒருபோதும் சத்தமிடாத ஒன்று: சிப்பந்திகளின் ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்த்து, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனியே கட்ட வேண்டும். சேமலாப நிதி பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். அவர் பல மாதங்கள் கட்டவில்லை. பிடித்த 8 வீதம் பையன்களின் காசு என்பதை வாய்விட்டுச் சொல்லவும் அவருக்கு வெட்கமாயிருந்தது. சத்தமிடும் கடனை முதலில் கட்டுவது மனித இயல்பு. கொப்பியில் எழுதினால் எல்லாக் கடனும் ஒரே குரலில் பேசும்.

காசோலை பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியில் பணமில்லையென்று அறிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். புறக்கோட்டை வியாபாரம் முழுவதும் பின்தேதிக் காசோலையிலேதான் ஓடுகிறது. அதைக் கைவிடுங்கள் என்று நாம் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பணம் சேராது என்று தெரிந்தால், தேதிக்கு முதல் வாரமே நேரில் போய்ச் சொல்லுங்கள். பாதியைக் கொடுத்து மீதிக்கு வேறு தேதி கேளுங்கள். நமது நண்பர் அப்படிப் போனார். மொத்த வியாபாரி அரைமணி நேரம் ஏசினார். பிறகு தேநீர் வரவழைத்தார். பிறகு காசோலையை மாற்றித் தந்தார்.

நிற்க. கல்லாப்பெட்டியும் வீட்டு அலுமாரியும் ஒன்றாயிருக்கும் வரை எந்தக் கணக்கும் சரிவராது. பிள்ளையின் ரியூசன் காசு, மைத்துனியின் கலியாணத்துக்கு எழுதிய மொய், கோயில் உபயம், எல்லாம் கல்லாவிலிருந்தே போகின்றன. முதலாளியும் தமக்கென ஒரு சம்பளம் வைத்து, மாதத்தில் ஒரு நாளில் மாத்திரம் எடுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எமக்கே சற்றுக் கூச்சமாயிருக்கிறது. மலருக்கு விளம்பரம் கேட்டு, கல்லாவின் முன் போய் நின்று, மறுக்க முடியாதபடி புன்னகை செய்பவர்கள் நாமுந்தானே! இவ்வாண்டு "இல்லை" என்று சொன்ன கடைக்காரர்மீது எவரும் குறைகொள்ளலாகாது.

கொப்பியின் அருமையை எமக்குக் கற்பித்தவர் வேறொருவர். 1983 ஜூலை 25 ஆம் தேதி வெள்ளவத்தையில் கடைகள் எரிந்தபோது அவருடைய துணிக்கடையும் சாம்பலாயிற்று. ஒவ்வோர் இரவும் பற்றுக்கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். மனைவி அதைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு முகாமுக்குப் போனார். மாதங்கள் கழித்து அவர் அக்கொப்பியோடு வீடு வீடாகப் போனார். கடை எரிந்துவிட்டதே என்று சொல்லித் தப்பியவர்கள் சிலர். தாமாகவே கூப்பிட்டுக் கொடுத்தவர்கள் பலர், அவர்களிற் சிங்கள அயலவரும் இருந்தனர். அப்பணத்தில் அவர் மீண்டும் கடை திறந்தார். இன்று கைத்தொலைபேசியில் எழுதினாலும் சரிதான். ஆனால் அது உங்களைத் தவிர இன்னொருவருக்கும் விளங்க வேண்டும், இன்னோரிடத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இல் சிப்பந்திக்கு வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு தந்தது. முதலாளிக்கு ஓய்வு தரும் சட்டம் கிடையாது. அவர் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு பிற்பகல் திறப்பை இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபா குறையலாம். எங்கே குறைந்தது என்று கொப்பி காட்டும். பிள்ளைகளைக் கடைக்குள் விடாமல் படிப்பித்த பெற்றோர் பலர், அது நல்லெண்ணமே. என்றாலும் கணக்கியல் படித்து வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணக்கெழுதும் மகன், தகப்பனின் கொப்பியை ஒருநாளும் திறந்து பாராதது எமக்கு வேதனையாயிருக்கிறது.

கடைசியாக, சொல்ல விருப்பமில்லாத ஒன்று. கொப்பி எழுதியபின், ஆறு மாதமும் நட்டமே என்று தெரிந்தால், கடையை மூடுவது அவமானமன்று. கடையைக் காப்பாற்ற வீட்டை ஈடுவைப்பதுதான் ஆபத்து. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம்விடலாம். 2024 இல் அவ்வதிகாரம் சிலகாலம் இடைநிறுத்தப்பட்டது; எடுத்துவிடப்படவில்லை.

கணக்குப் படித்த வாலிபர் நால்வர் இச்சங்கத்தில் உள்ளனர். ஞாயிறு மாலைகளில் நூலக அறையில் இருக்க அவர்கள் இசைந்திருக்கிறார்கள். பெயர் கேட்கமாட்டார்கள். கோட்டுக் கொப்பியும் பேனாவும் அங்கே இருக்கும்; நீங்கள் கடைத் துண்டுகளையும் வங்கிக் கடிதங்களையும், உறை திறக்காமல் வைத்திருப்பவற்றையுங்கூட, ஒரு பையிலே போட்டுக்கொண்டு வாருங்கள்.