காயம் ஆறிய பின்னும் ஆறாத வலி

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் கையையும் காலையும் நம்பிப் பிழைக்கும் மக்கள். வயலிலோ, கல் குவாரியிலோ, கட்டட வேலையிலோ ஒரு கை நசுங்கினால், ஒரு வீட்டின் உலை அணைகிறது.

மாவுக்கட்டுப் பிரித்து, எலும்பு கூடிய பின்னும் சிலருக்கு வலி நிற்பதில்லை. நெருப்பு வைத்தாற்போல் எரிகிறது. துணி உரசினாலும் துடிக்கின்றனர். கை வீங்கி, நிறம் மாறி, வியர்க்கிறது. "புண்தான் ஆறிவிட்டதே, நடிக்கிறான்" என்கிறார் கூலி கொடுப்பவர். நாளடைவில் வீட்டாரும் அதை நம்பிவிடுகின்றனர். உழைத்து ஓய்ந்தவரைச் சோம்பேறி என்று பழிப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் இந்தப் பழி பொய் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களுக்குப் பிலடெல்பியாவில் மருத்துவம் செய்த வியர் மிட்செல், காயம் ஆறிய பின்னும் தொடரும் இந்த எரிவலியை 1864இல் தம் தோழர்களுடன் வெளியிட்ட நூலில் விவரித்தார். காயமுற்ற நரம்பு காரணமின்றியே வலிச் செய்தியை அனுப்புகிறது. தண்டுவடமும் மூளையும் அதைப் பெருக்குகின்றன. வீக்கமும் நிறமாற்றமும் சேர்ந்த நிலையை இன்று மருத்துவர்கள் சி.ஆர்.பி.எஸ். என்பர்.

இதற்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் போதாது. அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற நரம்புவலி மருந்துகளை மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் குணமில்லை என்று கைவிடுதலும், கடையில் தாமே வாங்கி உண்ணுதலும், திடீரென நிறுத்துதலும் தவறு.

மருந்தினும் முதன்மையானது அசைவு. வலிக்கு அஞ்சிக் கையைத் தூளியிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தால் மூட்டு இறுகும், வலியும் வளரும். இயன்முறை மருத்துவர் காட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்தல் வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், இழந்த உறுப்பில் தோன்றும் வலிக்கு 1990களில் கண்ணாடிப் பயிற்சியை வகுத்தார். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தவாறு அசைக்கும் அப்பயிற்சி இந்நோய்க்கும் இன்று பயன்படுகிறது. எல்லோருக்கும் முழுக் குணம் கிட்டும் என்று நாம் கூறோம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவோருக்கு நம்பிக்கை மிகுதி.

இளைஞர்களே! எழுதப் படிக்கக் கற்றதன் பயன் இங்கேதான் தெரிய வேண்டும். அடிபட்டவருடன் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி எப்போது தொடங்கியது, எப்படி எரிகிறது என்பதை எழுதிக் கொண்டு போங்கள். சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், இழப்பீடு கோரவும் அவையே சான்று. நடிப்பு என்று பழிக்கும் வாய்க்கு அறிவால் விடை கூறுவோம்.