எஞ்சினும் ஆவியும்



கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. அவ்வூர் வழியே செல்லுந்தோறும் எனக்கு விமான எஞ்சினின் விந்தையே நினைவுக்கு வரும்.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. பம்ப் அடுப்பைப் பற்றவைக்குமுன் சூடேற்றுவதும் இக்காரணம் பற்றியே. கல்வராயன் மலையின் மார்கழி விடியலில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. அத்தகைய குளிரில் விமானி துணைப் பம்பை இயக்கி, சில விநாடிகள் பெட்ரோலை முன்னதாகச் செலுத்திய பின்னரே எஞ்சினைச் சுழற்றுகிறார்.

சமவெளியின் சித்திரை வெயிலில் பறந்து இறங்கிய எஞ்சினின் நிலையோ வேறு. அது நின்றதும் அதனைக் குளிர்விக்கும் காற்றோட்டமும் நின்றுவிடுகிறது. செஸ்னா 172எஸ் விமானத்தின் லைகமிங் எஞ்சினில், உருளைகளின் மேலே செல்லும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. உருளைக்குள் நண்பனான ஆவி, குழாய்க்குள் பகைவனாகி வழியை மறிக்கிறது! உருளையின் வாயிலிலோ பெட்ரோல் முன்னரே கசிந்திருக்கலாம். ஆகவே, முன்னதாகப் பெட்ரோல் செலுத்தாமல், கலவைக் கட்டுப்பாட்டை மூடிவைத்தே சுழற்றுகின்றனர்; எஞ்சின் பற்றிக்கொண்டதும் அதைத் திறக்கின்றனர்.

இந்நிலை அறியாது மேலும் மேலும் பெட்ரோலைச் செலுத்திச் சுழற்றினால் பாட்டரி வலுவிழக்கும். மிகுந்து வழியும் பெட்ரோல் தீப்பற்றவும் கூடும். ஒவ்வொரு விமானத்திற்கும் உரிய முறையை அதன் கையேடு கூறும். ஆயினும், முதலில் ஆராய வேண்டியது ஒன்றே: எஞ்சினுக்கு இப்போதுள்ளது பெட்ரோலின் குறையா, மிகையா? நோயறிந்து மருந்திடுவதே எந்திரத்திற்கும் பொருந்தும்.