அடையாற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நெசவூர்: அனகாபுத்தூரின் பூமியும் ஜனங்களும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட உபந்நியாசம்)



ஓர் ஊரின் வரவு செலவை அறிய விரும்புவோர் அவ்வூரின் மேடு பள்ளங்களை முதலில் அறிதல் வேண்டும். மழைநீர் எவ்வழி வந்து எவ்வழி போகிறது என்பதை அறியாமல் கொடுக்கப்படும் கடன், பல சமயங்களில் அந்த நீரோடு போய்விடுகிறது. இதற்குத் திருஷ்டாந்தமாக, சென்னைப் பட்டணத்தின் தென்மேற்குப் புறநகரிலுள்ள அனகாபுத்தூரை எடுத்துக்கொள்வோம்.

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலை பம்மலைக் கடந்து அடையாற்றைத் தாண்டும் இடத்தில், ஆற்றின் தென்கிழக்குக் கரையில் இவ்வூர் அமைந்துள்ளது. எதிர்க்கரைக்கு அப்பாலுள்ள குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் அவதரித்த ஸ்தலம். அது காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அனகாபுத்தூரோ செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. வெள்ளத்திற்கு ஜில்லா எல்லை தெரியாது என்பது வேறு விஷயம். கிழக்கே பல்லாவரத்துக் கருங்கற் குன்றுகள் நிற்கின்றன. ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி 1863-ம் வருஷம் மே மாதத்தில் ஆதிமனிதனின் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தது அப்பிரதேசத்திலேயே. ஆகவே இந்தப் பக்கத்தில் மனிதர் குடியிருப்பது நேற்றுத் தொடங்கிய காரியமன்று.

அடையாறு மலையில் பிறந்த நதியன்று. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த உபரி நீரே ஆறாகிறது. மேலேரி வழிந்து கீழேரிக்கும், கீழேரி வழிந்து தாங்கலுக்கும் போவதே பழைய ஏற்பாடு. செம்பரம்பாக்கம் ஏரியின் போக்குக்கால்வாயும் திருநீர்மலைக்கு அருகில் இதனோடு சேருகிறது. வருஷத்தில் பல மாதங்கள் ஆற்றில் நீரோட்டம் மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் அது தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இவ்வூருக்குப் பேர் கொடுத்தது கைத்தறி. மெட்ராஸ் கைக்குட்டை என வியாபாரிகள் அழைத்த கட்டம்போட்ட பருத்தித் துணி இங்கே நெய்யப்பட்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்திற்குக் கப்பலேறியது. அங்கே அது கலியாணத்திலும் கருமாதியிலும் மரியாதைக்குரிய வஸ்திரம். அத்தேசத்தார் 1970-களில் அந்நிய ஜவுளியைத் தடுத்ததும் ஏற்றுமதி வீழ்ந்தது. கடல்கடந்த ஒரே கிராக்கியை நம்பிய தறிகளுக்கு வேறு சந்தை எளிதில் கிடைக்கவில்லை. நெசவாளர் சிலர் வாழைநார் போன்ற இயற்கை நார்களைப் பருத்தியோடு கலந்து சேலை நெய்யக் கற்றனர். மற்றும் பலரின் பிள்ளைகள் பட்டணத்து வேலைக்குப் போயினர்.

தறி குறைந்தாலும் ஜனத்தொகை குறையவில்லை. 2001-ம் வருஷத்து ஜனக்கணக்கில் சுமார் 32,000 பேர். 2011-ல் சுமார் 48,000 பேர். பத்து வருஷத்தில் மூவரிருந்த இடத்தில் ஐவர் என்று சொல்ல முடியாவிட்டாலும், இருவரிருந்த இடத்தில் மூவர் என்று தாராளமாகச் சொல்லலாம். இது பிறப்பினால் மட்டும் வந்த பெருக்கமன்று. பட்டணத்து வாடகை தாங்காதவர் வந்து குடியேறியதால் வந்தது. 2021-ல் இவ்வூர் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வந்தவர்க்கு மனை வேண்டும். பாவு விரித்துக் கஞ்சி தோய்க்க நெசவாளிக்கு நீண்ட வெறுந்தெரு வேண்டும். இரண்டும் ஒரே பூமியில் நடப்பது சிரமம்.

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி தொடங்கிய மழையை இப்பக்கத்தார் மறக்கவில்லை. மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. கரையோர வீடுகள் மூழ்கின. கீழே ஆற்றின்மேல் பாலமிட்டு நீட்டப்பட்ட ஓடுதளத்தையுடைய விமான நிலையமும் சில நாள் மூடிக்கிடந்தது. பழியை அந்த ஒரே ஏரியின்மேல் சுமத்துவது ஜனங்களுக்குச் சுலபமாயிருக்கிறது. ஆனால் மேலேயுள்ள சிற்றேரிகளின் நீரும் இதே ஆற்றில்தான் வந்தது. தாங்கல்கள் மனைகளான பின் அந்நீர் தங்க இடமில்லை.

குழித்தறியில் வெள்ளம் புகுந்தால் நேருவதை நெசவுத் தெருவில் வளர்ந்தவர் அறிவர். மிதிகட்டை குழிக்குள் ஊறும். அச்சும் விழுதும் பழுதாகும். தறியிலேற்றிய பாவு முழுதும் நஷ்டம். குழி காய்ந்து மறுபடி காலிட வாரங்கள் செல்லும். அவ்வாரங்களில் கூலியில்லை, தவணை மட்டும் வரும். 1935-ல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நெசவாளியின் சரக்கை விற்றுக்கொடுக்கத் தோன்றியது. ஈரக் குழியைக் காயவைக்க அதனாலும் இயலாது.

ஆகவே ஆற்றங்கரை ஊர்களில் தறிக்கடன் கொடுக்கும் சங்கத்தார், மனுவில் ஜாமீன்தாரின் பெயரோடு, 2015-ல் அவ்வீட்டுச் சுவரில் நீர் எத்தனை அடி நின்றது என்பதையும் எழுதிக்கொள்வது உசிதம். குழித்தறியை மேடைத்தறியாக மாற்றும் செலவையும் கடனில் சேர்க்கலாம். கார்த்திகைத் தவணையைத் தை மாதத்திற்குத் தள்ளிவைப்பது பற்றி நிர்வாக சபையார் மழைக்கு முன்பே தீர்மானம் செய்துகொள்ளட்டும்; வெள்ளம் வந்த பிறகு கூட்டம் சேர்ப்பதற்குக் கோரம் கிடைப்பதில்லை.