நிலம் போனால் நாடு போய்விடுமா?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடல்மட்டம் ஏறுவதைப் பற்றி விஞ்ஞானிகள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு நாட்டோட மண்ணைக் கடல் எடுத்துக்கிட்டா அது நாடாக இருக்குமா? அந்த சனங்க குடிமக்களா, அகதிகளா?

பசிபிக் கடலில் துவாலு என்றொரு நாடு. ஒன்பது தீவுகள். எல்லாம் சேர்த்து 26 சதுர கிலோமீட்டர். மிக உயரமான இடமே சுமார் 5 மீட்டர்தான். சனங்க ஏறத்தாழ 11,000 பேர். 1863இல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக்கும் கப்பல்கள் இங்கிருந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. பிறகு பிரிட்டிஷ் ஆட்சி. இரண்டாம் உலகப்போரில் விமானதளம் போட அமெரிக்க ராணுவம் ஃபுனாஃபுட்டி தீவின் மண்ணைத் தோண்டியது. 1978இல்தான் விடுதலை. இப்ப அந்த மண்ணைக் கடல் கேக்குது. கடலை ஏத்திவிட்டது யாரு? தலைமுறை தலைமுறையாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் கொழுத்த நாடுகள்.

சட்டம் என்ன சொல்லுது? ஓர் அரசுக்கு நாலு அடையாளம் என்கிறது 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ ஒப்பந்தம்: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். மண் மூழ்கினா ஒண்ணு போச்சு, சனங்க வெளியேறினா இன்னொண்ணும் போச்சு. 1982ஆம் ஆண்டின் கடல் சட்டப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளம் அந்த நாட்டுக்குச் சொந்தம். ஆனால் மனிதர் வாழ முடியாத பாறைக்கு அந்த உரிமை கிடையாது. அந்நியக் கப்பல்கள் கட்டும் மீன்பிடி உரிமக் கட்டணம் துவாலுவின் முக்கிய வருமானம். அதுவும் போகும்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தமும் கைகொடுக்காது. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து காரணமாகத் துன்புறுத்தப்படுவோருக்கே அது. பக்கத்துக் கிரிபாட்டியைச் சேர்ந்த ஒருவர் கடலைக் காரணம் சொல்லி நியூசிலாந்தில் தஞ்சம் கேட்டார். 2015இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1933இலும் 1951இலும் துவாலு ஒரு காலனி. அதன் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை.

ஆனா அவங்க சும்மா உக்காந்திருக்கல. கரை சுருங்கினாலும் அறிவித்த கடல் எல்லை மாறாது என்று 2021இல் பசிபிக் தீவு நாடுகள் பிரகடனம் செய்தன. காலநிலை மாற்றத்தால் நிலமே போனாலும் இந்த அரசு என்றென்றும் நிலைக்கும் என்று 2023இல் துவாலு தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 2019இல் பசிபிக் சட்ட மாணவர்கள் எழுப்பிய யோசனையை வனுவாட்டு முன்னெடுத்து, ஐ.நா. வழியாக சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் சொன்னது: உருவாகிவிட்ட ஓர் அரசு, தன் கூறுகளில் ஒன்று மறைவதாலேயே அரசுத் தகுதியை இழந்தாக வேண்டும் என்பதில்லை.

பெரிய வெற்றிதான். ஆனா ‘இழக்கவே இழக்காது’ன்னு அடிச்சுச் சொல்லல. இது ஆலோசனைக் கருத்துதான், கட்டாயத் தீர்ப்பு அல்ல. மற்ற நாடுகள் நடைமுறையில் ஏற்கும் வரை போராட்டம் முடியாது.

ஆஸ்திரேலியா 2023இல் துவாலுவோடு ஃபாலேபிலி ஒப்பந்தம் போட்டது. அந்தச் சொல்லுக்கு நல்ல அயலார் பண்பு என்று பொருள். ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். துவாலுவின் அரசுத் தகுதி தொடரும் என்றும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வேறு நாட்டோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேணும். அதே ஆஸ்திரேலியா நிலக்கரி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை நாடு.

மனிதாபிமானம் வேற, உரிமை வேற தோழர்களே. இரக்கப்பட்டு இடம் கொடுக்கிறவன் நாளைக்கு எழுந்திருன்னு சொல்லலாம். துவாலு 2000இல் ஐ.நா.வில் உறுப்பினராயிற்று. எங்கே குடியேறினாலும் அந்த இடமும், அந்தக் கடலும், அந்தக் குடியுரிமையும் தங்களுடையவை என்கிறார்கள் அந்த 11,000 பேர். நாம் ஆதரிக்க வேண்டியது இந்தக் கோரிக்கையைத்தான்.